நாடாப்புழுவின் சுண்ணாம்பு மணிகள்

நாடாப்புழுவுக்கு எலும்பில்லை, ஓடில்லை, வாயும் குடலுங்கூட இல்லை. ஆயினும் அதன் இளநிலைச் சதையிற் சிறு துண்டை நசுக்கி நுண்பெருக்கியின்கீழ் வைத்தால், பளபளக்கும் உருண்டை மணிகள் ஏராளமாய்த் தோன்றும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு, வெங்காயம்போல் அடுக்கடுக்கானது. முற்காலத்து ஆய்வாளருட் சிலர் இவற்றை முட்டைகள் என்றே எண்ணினர். அமிலம் பட்டதும் அவை நுரைத்துக் கரைந்தன. சுண்ணாம்பு என்பது வெளிப்பட்டது.

கரையாமல் எஞ்சியதை அன்று பலர் பொருட்படுத்தவில்லை. சுண்ணாம்பு நீங்கியபின்னும் மணியின் வடிவம் மாறாமல் மெல்லிய சவ்வுபோல் ஒன்று நின்றது. அதிற் புரதம் இருந்தது.

இம்மணிகளை முறையாக ஆராய்ந்தவர் ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய தியோடர் வான் பிராண்ட். 1960-இல் அவரும் துணைவரும் எலியின் ஈரலில் வளரும் நாடாப்புழுக் குடம்பியின் மணிகளைப் பற்றி எழுதினர். கால்சியம், மக்னீசியம், பாஸ்பேட், கார்பனேட் ஆகியவை அவற்றில் இருந்தன. ஆனால் படிகமாக அமையவில்லை. கடும் வெப்பமூட்டிய பின்னரே படிகங்கள் தோன்றின. எலும்பின் வழி வேறு, புழுவின் வழி வேறு என்பது புலனாயிற்று.

இதனைப் புழுவுலகத்து விந்தையென்று ஒதுக்குதல் இயலாது. இந்தியாவிற் பணிபுரிந்து தாயகம் மீண்ட பிரிட்டிஷ் படைவீரர் பலருக்குச் சில ஆண்டுகள் கழித்து வலிப்பு கண்டது. பன்றி நாடாப்புழுவின் குடம்பிகள் மூளையில் தங்கியிருப்பதே காரணமென 1930-களில் இராணுவ மருத்துவர் வில்லியம் மக்கார்தர் எடுத்துக்காட்டினார். 1961-இல் டிக்சனும் லிப்ஸ்கோமும் வெளியிட்ட அறிக்கை 450 நோயாளிகளைப் பற்றியது. அவர்களிற் பெரும்பாலோர் இந்தியாவில் இருந்தவர்களே. புழுவின் முட்டை கலந்த உணவாலும் நீராலும் இந்நோய் வருவதால், மரக்கறி உண்போரும் இதற்கு விலக்கல்லர்.

எக்ஸ்-கதிர்ப் படத்தில் வெண்புள்ளியாகத் தெரியும் சுண்ணாம்பு வேறு, நாம் பேசும் மணி வேறு. முன்னது புழு மாண்டபின் நம் உடல் படியவிடுவது. பின்னது புழு உயிரோடிருக்கையில் தானே ஆக்கிக்கொள்வது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் இன்றும் உளர். ஆனால் அறுவையில் எடுத்த திசுவிற் புழுவின் உருவம் சிதைந்து போயிருந்தாலும், இம்மணிகள் காணப்படின் அது நாடாப்புழுவே என மருத்துவர் துணியலாம்.

புரதங்களை ஆராயும் வேலை எளிதன்று. மணியைக் கரைத்து, வெளிவரும் புரதங்களை மின்புலத்தில் எடைவாரியாகப் பிரிக்கின்றனர். சுண்ணாம்பைப் பற்றி நிறுத்துவதற்கென்றே புழு படைத்த புரதம் எது, மணி வளர்கையில் தற்செயலாகச் சிக்கியது எது என்பதே வினா. மணி ஓர் உயிரணுவின் உள்ளேயே உருவாவதையும், அது முற்றும்போது அவ்வுயிரணு அழிவதையும் எலிப்புழுவிற் கண்டுள்ளனர். ஆகவே அழிந்த அணுவின் எச்சமும் அதில் அடைபட்டிருக்கக் கூடும். மேற்பரப்பில் ஒட்டிய சதையின் புரதமோ கழுவக் கழுவ நீங்குவதில்லை. ஆதலால் ஆய்வாளரின் உழைப்பிற் பெரும்பகுதி மணியைக் கரைப்பதில் அன்று, கரைக்குமுன் அதைத் தூய்மை செய்வதிலேயே செல்கிறது.