குழலும் ஆப்பும்: நாட்டுத் துப்பாக்கியின் உறுப்புப் பெயர்கள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

அயல்நிலக் கருவி ஒன்று புதிய மண்ணில் வேரூன்றும்போது அதன் பெயர் கடல் கடந்தோ மலை கடந்தோ வரும். அதன் உறுப்புகளின் பெயர்களோ உள்ளூர்க் கொல்லர், தச்சரின் பேச்சிலிருந்து அமையும். இதற்குத் துப்பாக்கி தக்க சான்றாகும். துப்பாக்கி என்பது துருக்கிய, பாரசீக வழக்குகளின் வழியே வந்த சொல். பீரங்கி, பரங்கியரைக் குறித்த சொல்லோடு தொடர்புடையது. ஆனால் குழல், கட்டை, குதிரை, மருந்து, கெட்டித்தல் ஆகியன தமிழர் ஏற்கெனவே அறிந்திருந்த சொற்கள். புதிய பொருளை மட்டுமே அவை ஏற்றன.

இவ்வியல்பை மறந்த மொழிபெயர்ப்பு எங்ஙனம் தடுமாறும் என்பதை ஒரு சிறிய உறுப்பைக் கொண்டு விளக்கலாம். வாய்ப்புறமாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் குழலையும் கட்டையையும் இணைப்பது தட்டையான ஓர் இரும்புத் துண்டு. ஆங்கிலத்தில் இதனைப் ‘பேரல் கீ’ என்றும் ‘வெட்ஜ்’ என்றும் வழங்குவர். முதற்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பீப்பாய்ச் சாவி’ என்றாகும். பீப்பாய், சாவி இரண்டும் போர்த்துக்கீசியம் தந்த சொற்கள். முன்னது எண்ணெயோ மதுவோ அடைக்கும் கலத்தையும், பின்னது பூட்டைத் திறக்கும் கருவியையும் குறிப்பன. துப்பாக்கியில் இவ்விரண்டும் இல்லை.

மூவகைப் பிணைப்பு

குழலைக் கட்டையோடு பிணைக்கும் முறை காலந்தோறும் மாறியது. இந்தியத் திரித் துப்பாக்கிகளில் தோல்வாரோ உலோகப் பட்டையோ சுற்றிக் குழலைக் கட்டினர். 1766இல் ஹைதர் அலி எழுப்பிய பாலக்காட்டுக் கோட்டையை 1790இல் ஆங்கிலேயர் இறுதியாகக் கைப்பற்றிய காலத்தில், கும்பினிப் படைவீரரின் சக்கிமுக்கித் துப்பாக்கிகளில் குறுக்காகச் செருகிய மெல்லிய ஆணிகளே குழலைத் தாங்கின. 1800இல் ஆங்கிலப் படை ஏற்ற பேக்கர் துப்பாக்கியில் ஆணிக்குப் பதிலாகத் தட்டையான ஆப்புகள் இடம்பெற்றன. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் இந்திய வரலாற்றில் பெயர்பெற்ற 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கியில் மூன்று உலோக வளையங்கள் அப்பணியைச் செய்தன.

இம்மூன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள. குறுக்கே ஊடுருவுவது ஆணி. சரிவாகச் செருகி இறுக்குவது ஆப்பு. சுற்றி வளைத்துப் பிடிப்பது பூண். உலக்கைக்குப் பூண் இட்டவர்க்கு என்ஃபீல்டின் வளையம் புதியதன்று. ஆப்பு என்பது மரத்தைப் பிளப்பதற்கே உரியது என்று சிலர் கருதக்கூடும். மண்வெட்டியின் காம்பு ஆடாதிருக்க ஆப்பு அடித்து இறுக்கும் வழக்கு, அச்சொல் பிணைப்பையும் குறிக்கும் என்பதைக் காட்டுகிறது.

ஆப்பு பொருத்தும் முறை

குழலின் அடிப்பக்கத்தில் துளையுள்ள ஒரு சிறிய காது பதிக்கப்படும். ஊசியின் காதைப் போன்றே இதுவும் ஒன்றை நுழைப்பதற்கு உரியது. கட்டையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு அக்காதின் வழியே செல்லுமாறு ஆப்பைச் செருகினால் குழல் தன் படுகையில் அழுந்தி நிற்கும். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். இரும்பு அவ்வாறு மாறுவதில்லை. ஆதலால் காதின் துளையை ஆப்பின் அகலத்தைவிடக் குழலின் நீளவாக்கில் சற்று நீட்டி அமைப்பர். மிக இறுகினால் குழல் வளைவுறும், தளர்ந்தால் குலுங்கும். செருகும் இடத்தில் மரம் தேயாமலிருக்கச் சிறு தகடு பதிப்பதும், ஆப்பு முற்றும் கழன்று விழாமலிருக்க அதில் நீள்துளை வெட்டிச் சிற்றாணியால் தடுப்பதும் உண்டு.

கருமருந்து எரிந்தபின் எஞ்சும் கசடு ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். குழலின் பின்முனை கொக்கியாக அமைந்த துப்பாக்கியில் ஆப்பை உருவினால் குழல் மட்டும் தனியே வந்துவிடும். விசைப்பொறியைக் கழற்றாமலே அதனை வெந்நீரில் கழுவலாம். மழை மிகுந்த மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் இவ்வசதியின் அருமை விளங்கும். அடிக்கடி உருவிச் செருகுவதற்கு உரியது என்பதே ஆணியினின்றும் ஆப்பை வேறுபடுத்தும் பண்பு.

எல்லைப்புறத்தின் தேவை

பாலக்காட்டின் சிற்றூர், அட்டப்பாடிப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காப்பது இம்மலைப்புற உழவரின் நெடுநாள் சிக்கல். 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமத்தை வேண்டியது. அதன் இடத்தில் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, குழல் 20 அங்குலத்திற்குக் குறையாத, உட்புறம் வழுவழுப்பான துப்பாக்கியையும், பயிர்க்காப்புக்கு உரிய வாய்ப்புறக் கெட்டிப்புத் துப்பாக்கியையும் தனியே சுட்டுகிறது. உட்புறம் மரையிட்ட குழலுக்கு அச்சலுகை இல்லை. உரிம விண்ணப்பம், காவல்துறை மகஜர், நீதிமன்ற ஆவணம் ஆகியவற்றில் ‘பேரல்’ என்பது பீப்பாயாகிவிட்டால், அளந்தது எதனை என்ற ஐயம் எழும். ஓர் உழவரின் உரிமம் அச்சொல்லைச் சார்ந்து நிற்கக்கூடும்.

தீர்வு இரு மொழிகளுக்கும் பொதுவாகவே கிடைக்கிறது. தமிழில் ‘இரட்டைக்குழல் துப்பாக்கி’ என்பது மலையாளத்தில் ‘இரட்டக்குழல் தோக்கு’. ஆப்பு என்னும் சொல் இரு மொழிகளிலும் ஒரே பொருளில் வழங்குகிறது. மாறாக, ‘கீ’ என்பதற்கு நேராகத் தமிழர் ‘சாவி’ என்றும் மலையாளிகள் ‘தாக்கோல்’ என்றும் எழுதினால், ஒரே உறுப்பு இரு ஆவணங்களில் தொடர்பற்ற இரு பொருள்களாகத் தோன்றும். ஆகவே ‘குழல் ஆப்பு’ என்பதே பொருந்திய கலைச்சொல்லாகும். மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டுமுன் அவ்வுறுப்பு செய்யும் பணியை அறிதலும், அப்பணிக்குக் கொல்லனும் தச்சனும் வழங்கும் சொல்லைக் கேட்டறிதலும் இன்றியமையாதன என்பது இதனால் பெறப்படும்.