மாவும் நேரமும்

"நேரமில்லை, ஒரு கோப்பை மாவைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போகிறேன்" என்ற சொல் இன்று வன்னியின் வீடுகளிலும் கேட்கிறது. சோற்றின் இடத்தை மா பிடிக்கும்போது, மிச்சமாகும் நேரம் யாருக்குப் போகிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.

மா நமக்குப் புதியதன்று. பனங்கிழங்கைக் கிழித்து உலர்த்தி ஒடியலாக்கினர் நம் முன்னோர். அதனையும் குரக்கனையும் மாவாக்கி வைத்தனர். நெல் பொய்த்த மாதங்களில் அது கூழாயிற்று, பிட்டாயிற்று. வீடே கூடியிருந்து உண்டது. எனினும் பழமையைப் போற்றிப் பாடுவது நம் நோக்கமன்று. அந்த மாவின் பின்னே உலக்கை பிடித்த பெண்களின் கைகள் இருந்தன. அவர்களுடைய சுமை குறைய வேண்டும் என்பது நியாயமே.

ஆலை மாவின் வரலாறு வேறு. அமெரிக்காவில் 1873இல் தொழில் தொடங்கிய ஹார்லிக் சகோதரர்கள், வெந்நீரில் கரையும் மால்ட் மாவுக்கு 1883இல் காப்புரிமை பெற்றனர். குழந்தைகளையும் நோயாளிகளையும் கருதியே அது விற்கப்பட்டது. இலங்கையில் 1973இல் திரிபோஷா வந்தது. சோளமும் சோயாவும் கலந்த அந்த மா, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் உரியது. உணவுக்குத் துணையேயன்றி மாற்றன்று. நேரத்தை மிச்சம் பிடிக்கச் சாப்பாட்டையே நீக்கலாம் என்ற எண்ணம், 2013இல் அமெரிக்க மென்பொருள் பொறியாளர் ராப் ரைன்ஹார்ட் உருவாக்கிய 'சொய்லென்ட்' மாவோடு பரவிற்று. முன்னவை உடலின் குறைக்கு மருந்து தேடின. இதுவோ நேரப் பஞ்சத்துக்கு.

சாப்பாடற்ற வாழ்வு எத்தகையது என்பதை வன்னி அறியும். 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் நீரும் உப்புமான கஞ்சியே உயிர் காத்தது. அவ்வாண்டு ஏப்ரல் 8ஆம் நாள் அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற பெண்களும் குழந்தைகளும் எறிகணைக்கு இரையாயினர். இறந்த தாய்மார் சிலரின் கைகள் பால்மா அட்டையைப் பற்றியபடியே இருந்தன என்கிறது 2011இல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை. இன்று மே மாதந்தோறும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்கிறோம். எவரும் அதைத் தனியே குடிப்பதில்லை.

அதிகாலைப் பேருந்தில் ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்ணும், தனியார் வகுப்புக்கு ஓடும் மாணவனும் சோற்றை விடுத்து மாவைக் கரைத்தால், குறை அவர்களுடையதன்று. மிச்சம் பிடித்த அரைமணி ஓய்வாகத் திரும்பி வருவதில்லை. ஆலைக்கும் வகுப்புக்குமே போய்ச் சேர்கிறது. நோய்க்கும் குறைபாட்டுக்கும் மா உதவட்டும். உழைப்பவருக்கும் கற்பவருக்கும் வேண்டியது இருந்து உண்ணும் நேரம். எட்டு மணி நேர வேலையைப் போராடிப் பெற்றோரின் வாரிசுகள் நாம். இதனையும் கேட்டே பெறுவோம்.