நீதிமன்ற எழுத்துப்படியின் மெய்ப்பு: தாள் நாடாவிலிருந்து மின்கோப்பு வரை

நீதிமன்ற எழுத்துப்படி என்பது விசாரணையில் நீதிபதி, வழக்கறிஞர், சாட்சி ஆகியோர் பேசியதைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யும் ஆவணம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் மேல்முறையீட்டு நீதிபதிகள் சாட்சிகளை மீண்டும் விசாரிப்பதில்லை. இந்த ஆவணத்தைப் படித்தே முடிவு செய்கின்றனர். 'இல்லை' என்ற ஒரு சொல் விடுபட்டால் சாட்சியத்தின் பொருளே தலைகீழாகிவிடும். எனவே அங்கு சுருக்கெழுத்தர் தம் படியைப் பிறரிடம் கொடுத்து மெய்ப்புப் பார்ப்பது வழக்கமாயிற்று.

தாள் நாடாக் காலம்

1910களின் தொடக்கத்தில் வார்டு ஸ்டோன் அயர்லாந்து என்னும் சுருக்கெழுத்தர் ஸ்டெனோடைப் இயந்திரத்தை உருவாக்கினார். இதில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளே உண்டு. பல விசைகளை ஒருசேர அழுத்தினால் ஓர் அசையின் ஒலி, மடிந்து விழும் குறுகலான தாள் நாடாவில் பதிவாகும். இன்றும் தொழிற்சான்றிதழ் பெற விரும்புவோர், கேள்வி-பதில் பகுதியை நிமிடத்துக்கு 225 சொற்கள் வேகத்தில், 95 விழுக்காடு சரியாக எடுத்தாக வேண்டும்.

நாடாவைப் படிக்கத் தெரிந்த தட்டச்சர்கள் அதனை நேரடியாகத் தட்டச்சு செய்தனர். அத்தகையோர் கிடைக்காதபோது சுருக்கெழுத்தர் தாமே குறிப்பை வாய்விட்டு வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுத்தார்.

கணினியும் கோப்பும்

சுருக்கெழுத்தைக் கணினி வழியாக மொழியாக்கும் வழியை 1959இல் ஜெரார்டு சால்ட்டன் ஓர் ஆய்வுரையில் விளக்கினார். 1970களில் அது வணிக மென்பொருளாக வந்தது. ஒவ்வொரு சுருக்கெழுத்தருக்கும் ஒரு சொந்த அகராதி உண்டு. கணினி அதைப் பார்த்துச் சொற்களை இடும். அகராதியில் இல்லாத அசை வெறும் எழுத்துக் குவியலாக நிற்கும். அது கண்ணில் பட்டுவிடும். ஆங்கிலத்தில் ஒரே ஒலியுடைய 'அங்கே', 'அவர்களுடைய' போன்ற சொற்கள் இடம் மாறி விழுந்தால்தான் தொல்லை.

கோப்புகள் முதலில் நெகிழ்வட்டில் சென்றன. பின்னர் மோடம் வழியாகவும் மின்னஞ்சலிலும் சென்றன. ஒரு நிறுவனத்தின் மென்பொருள் எழுதிய கோப்பை மற்றொன்று திறக்காததால், மெய்ப்பாளருக்கு வெறும் உரைக் கோப்பாகவோ பி.டி.எஃப். வடிவிலோ மாற்றி அனுப்பினர். பி.டி.எஃப். நிலைத்ததற்குக் காரணம் எளியது. கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஒரு பக்கத்துக்கு 25 வரிகள். வரி எண்ணும் உடன் இருக்கும். வழக்கறிஞர்கள் பக்கத்தையும் வரியையும் சொல்லியே மேற்கோள் காட்டுவர். பெறுபவரின் கணினியில் வரி நகர்ந்துவிட்டால் திருத்தப் பட்டியல் முழுவதும் பயனற்றுப்போகும்.

மெய்ப்பாளர் மூலக் கோப்பில் கைவைப்பதில்லை; பிழையைப் பக்கம், வரி குறித்துத் திருப்பி அனுப்புவார். திருத்துபவர் சுருக்கெழுத்தரே, ஏனெனில் சான்றொப்பம் அவருடையது. சாட்சி இலக்கணப் பிழையுடன் பேசியிருந்தால் அதைச் சீர்செய்யவும் கூடாது. மாணவர் கட்டுரை திருத்திப் பழகியவருக்கு இதுவே கடினமான பாடம்! 'நாட்படி' கேட்கப்பட்டால் மறுநாள் அலுவலகம் திறக்கும் முன் படி தயாராக வேண்டும். வேற்றூர் மெய்ப்பாளர் இரவோடிரவாகப் பார்த்துத் தருவது மின்வழி அனுப்புதலால்தான் இயன்றது.

மெய்ப்புக்கு எட்டாத பிழை

ஆனால் அந்த மெய்ப்பாளர் பேச்சைக் கேட்டவர் அல்லர். 2019இல் வெளியான ஓர் ஆய்வு, பிலடெல்பியாவின் நீதிமன்றச் சுருக்கெழுத்தர் 27 பேருக்குக் கறுப்பின மக்களின் ஆங்கில வழக்கில் அமைந்த வாக்கியங்களை ஒலிக்கச் செய்தது. முழுமையாகச் சரியாக எழுதப்பட்டவை சுமார் 60 விழுக்காடு வாக்கியங்களே. 'அவன் அந்தப் பகுதியில் இருப்பதில்லை' என்னும் பொருளுடைய வாக்கியம் ஒருவர் கையில் 'நாங்கள் இந்தப் பகுதியில் இருக்கப்போகிறோம்' என்று ஆயிற்று. தாளில் மட்டும் பார்ப்பவருக்கு இதில் ஐயம் எழ வழியில்லை. படியுடன் ஒலிப்பதிவையும் இணைத்து அனுப்புவதன் தேவை இங்கேதான் புலப்படும்.

இந்தியாவில்

இந்தியக் குற்றவியல் விசாரணைகளில் சாட்சியம் பெரும்பாலும் எடுத்துரைப்பு வடிவில் பதிவாவதால், சொல்லுக்குச் சொல் எழுத்துப்படி பரவலாகவில்லை. 2023 பிப்ரவரி 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, மகாராட்டிர அரசியல் வழக்கில் செயற்கை நுண்ணறிவு கொண்டு வாதங்களை உடனுக்குடன் எழுத்தாக்கத் தொடங்கியது. அந்தப் படியைச் சரிபார்க்கும் பொறுப்பு, அவையில் வாதாடிய வழக்கறிஞர்களிடமே விடப்பட்டது.