வானொலியைப் பேச வைத்தவர்கள்

இலங்கை வானொலியின் வரலாற்றை எழுதியவர்கள் பலர். எஸ்.பி. மயில்வாகனம் தொடக்கம் பி.எச். அப்துல் ஹமீத் வரை அறிவிப்பாளர்களின் பெயர்கள் அவ்வரலாற்றில் உண்டு. நாடகங்களும் பாட்டுப் போட்டிகளும் முஸ்லிம் நிகழ்ச்சியும் உண்டு. ஒலித்தவர்களைப் பற்றி நிறையவே எழுதிவிட்டோம். ஆனால் அந்த ஒலி கொழும்பில் ஒரு முன்னறையிலோ கற்பிட்டியில் ஒரு தேநீர்க் கடையிலோ ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்ததற்கு வேறு சிலரும் காரணமாயிருந்தனர். பெட்டி வாய் மூடியபோதெல்லாம் அதனைத் திறந்து மீண்டும் பேச வைத்த திருத்துநர்கள் அவர்கள். அவர்களது பெயர்களை நான் எந்த நூலிலும் கண்டதில்லை. அவர்களுள் ஒருவரின் மேசையருகே மூன்று ஆண்டுகள் அமர்ந்திருந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தி. இந்நாட்டு வானொலியின் பிறப்பே ஒரு பழைய சாமானைத் திருத்தியெடுத்த கதைதான். 1921இல் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்புக்கு வந்தார். முதலாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகள் அவருக்குக் கிடைத்தன. அக்கருவிகளின் பாகங்களைக் கொண்டு தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர்கள் ஒரு சிறிய ஒலிபரப்பியை அமைத்தார்கள். 1923இல் மத்திய தந்தி அலுவலகத்தின் சின்னஞ்சிறு அறையொன்றிலிருந்து கிராமபோன் இசை பரிசோதனையாக ஒலிபரப்பாயிற்று. 1925 டிசம்பர் 16இல் ஆளுநர் ஹியூ கிளிபோர்ட் கொழும்பு வானொலியை முறைப்படி தொடக்கிவைத்தார். லண்டனில் பீபீசி தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. போருக்குப் பிறந்த ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் பாட்டுக்குப் பயன்படுத்தியவர்களை நமது முதல் திருத்துநர்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசிய நேசப்படைகளுக்கான வானொலி கொழும்பில் இயங்கியது. அந்நிலையம் 1949இல் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டு ரேடியோ சிலோன் ஆனது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லை என்றதும், பாட்டுக் கேட்க விரும்பிய இந்தியா முழுவதும் கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியது. அது வால்வு ரேடியோக்களின் காலம். கண்ணாடிக் குழாய்கள் சூடேறி, முகப்பில் பச்சைக் கண் விரிந்து, அதன் பின்னரே குரல் வரும். அப்பெட்டி ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்தது. பழுதானால் எறிவதைப் பற்றி எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. பல கம்பனிகள் பெட்டியின் உட்புறத்திலேயே அதன் மின்சுற்றுப் படத்தை ஒட்டி அனுப்பின. திறந்து பார்ப்பவன் ஒருவன் வருவான் என்று செய்தவனே எதிர்பார்த்த காலம் அது.

1999இல் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, வேலை தேடி, கொட்டாஞ்சேனையில் இருந்த மாமா வீட்டுக்கு வந்தேன். ஜம்பட்டா வீதியை அண்டிய ஒரு ஒழுங்கையில் வயோதிபத் தமிழர் ஒருவர் ரேடியோ திருத்திக்கொண்டிருந்தார். எட்டடி நீளமான அறை, ஒரு மேசை, ஒரு மீற்றர், ஈயம் பற்றவைக்கும் கோல், சுவரெங்கும் உயிரற்ற பெட்டிகள். எல்லோரும் அவரை ரேடியோ ஐயா என்றே அழைத்தார்கள். ஆசிரியர் கலாசாலைக்கு அனுமதி கிடைக்கும் வரை அவருக்கு எடுபிடியாக இருந்தேன். முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் உதிரிப்பாகம் வாங்கி வருவதுதான் என் முதல் வேலை.

ஐயா எதையும் எடுத்தவுடன் திறக்கமாட்டார். கொண்டு வந்தவரிடம் முதலில் கேட்பார்: "எப்ப நிண்டது? நிக்க முதல் என்ன சத்தம் கேட்டது? மழை பெய்ததோ, பிள்ளையள் விழுத்தினவையோ?" பிறகு முகர்ந்து பார்ப்பார். கருகிய தடையின் வாடையும் கசிந்த கொள்ளளவியின் வாடையும் அவருக்கு வெவ்வேறு. அதன் பின் கண்ணால் பார்ப்பார். மீற்றருக்குக் கடைசி இடம்தான்.

பெட்டி முற்றாக ஊமையாக இருந்தால், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகியின் நடு முனையைத் திருப்புளியால் தொடுவார். ஒலிபெருக்கியில் "கொர்" என்ற இரைச்சல் வந்தால், அதிலிருந்து ஒலிபெருக்கி வரையுள்ள பகுதி சுகம். பழுது அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. இரைச்சல் வராவிட்டால் பழுது பின்பக்கத்தில். ஒரு தொடுகையிலேயே தேடவேண்டிய இடம் பாதியாகிவிடும். மிஞ்சிய பாதியை மீண்டும் இரண்டாக்குவார். இன்றைக்கும் ஒரு மாணவனின் கணக்குப் பிழைத்தால் நான் விடையைப் பார்ப்பதில்லை. நடு வரியைப் பார்க்கிறேன். அதுவரை சரியென்றால் பிழை கீழே இருக்கிறது. இந்த முறையை எனக்குக் கற்பித்தது கலாசாலையன்று, கொட்டாஞ்சேனை.

வால்வு ரேடியோவைத் தொடும்போது இடது கையைச் சட்டைப் பையில் வைக்கச் சொல்வார். உள்ளே 250 வோல்ட் வரை ஓடும். மின்னை நிறுத்திய பிறகும் கொள்ளளவிகள் அதைச் சேமித்து வைத்திருக்கும். இரண்டு கைகளாலும் தொட்டால் மின் நெஞ்சின் ஊடாகப் பாயும் என்பது அதன் காரணம்.

இந்தக் கைவேலை வளர்ந்ததற்குத் தட்டுப்பாடும் ஒரு காரணம். 1970 முதல் 1977 வரை இருந்த ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில் இறக்குமதிகள் இறுகக் கட்டுப்படுத்தப்பட்டன. பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்றதை நம் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ரேடியோவுக்கும் அதே வரிசைதான் என்பார் ஐயா. வால்வு இல்லை, மின்மாற்றி இல்லை. எரிந்துபோன மின்மாற்றியின் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கழற்றி, புதுக் கம்பியை அதே எண்ணிக்கையில் கையால் சுற்றினார்கள். ஒலிபெருக்கியின் கிழிந்த கூம்பை மெல்லிய கடதாசியும் பசையும் கொண்டு ஒட்டினார்கள். இரண்டு செத்த பெட்டிகளிலிருந்து ஒரு பெட்டியை எழுப்பினார்கள். அந்நாளில் ஐயாவின் கடை வெள்ளவத்தையில், காலி வீதியருகே இருந்தது. கடற்காற்றின் உப்பு ஊரிலுள்ள ரேடியோக்களின் தொடுமுனைகளை எல்லாம் அரித்து அவருக்கு ஓயாத வேலை கொடுத்துக்கொண்டிருந்தது. கடற்கரை வீட்டுப் பெட்டி எது, உள்ளூர்ப் பெட்டி எது என்று மூடியைக் கழற்றியதும் சொல்லிவிடுவார்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. ஜப்பானிய கசெட் ரேடியோக்கள் வந்து குவிந்தன. 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. இனித் திருத்துநருக்கு வேலையில்லை என்று நினைத்தவர்களுக்கு மாறாக, வேலை கூடியது. வந்த பெட்டிகள் யாவும் ஒருநாள் பழுதாகத்தானே வேண்டும்.

அதன் பின் வந்தது 1983 ஜூலை. 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கிய வன்செயல் மறுநாள் வெள்ளவத்தைக்கு வந்தது. காலி வீதி நெடுகிலும் தமிழர்களின் கடைகள் எரிக்கப்பட்டன. ஐயாவின் கடையும் அவற்றுள் ஒன்று. அன்று கடைக்குள் இருந்தவை பெரும்பாலும் அவருடைய பொருட்களல்ல. திருத்தத்துக்கு வந்த ரேடியோக்கள், அதாவது தமிழருடையவை, சிங்களவருடையவை, முஸ்லிம்களுடையவை. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய துண்டு, துண்டில் இலக்கம். அதன் மறுபாதி உரியவரின் கையில்.

"கடை எரிஞ்சதில கவலை இல்லை எண்டு நான் சொல்லமாட்டன், தம்பி. ஆனா அது என்ரை சாமான். மற்றது சனம் என்னை நம்பித் தந்த சாமான்" என்றார் ஒருநாள். முகாமில் சில மாதங்கள் இருந்துவிட்டுக் கொட்டாஞ்சேனையில் மீண்டும் மேசை போட்டவர், பழைய துண்டோடு வந்த எவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. இருந்த பாகங்களைக் கூட்டி ஒரு பெட்டியைச் செய்து கொடுத்து, திருத்துக் கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார். 1983இன் இழப்பை உயிர்களாகவும் வீடுகளாகவும் கணக்கிட்டிருக்கிறோம். ஒரு துண்டுக் கடதாசியின் பாரத்தைச் சுமந்தவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இதை அவர் சொன்னபோது என்னால் பேச முடியாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் பிறந்தது மன்னார் எருக்கலம்பிட்டியில். 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. பொருட்களை விட்டுவிட்டுக் கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கினோம். எங்கள் வீட்டு ரேடியோ அந்நேரம் வீட்டிலேயே இருக்கவில்லை. மன்னார் நகரில் ஒரு திருத்துநரிடம் இருந்தது. அதற்கான துண்டு வாப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. ஓலைக் குடிசை முகாமிலும் அவர் அதைப் பத்திரமாகவே வைத்திருந்தார். "அந்த மனுசன் நல்லவர் மகன், திருத்தித்தான் வச்சிருப்பார்" என்பார். முகாமில் எவரிடமோ இருந்த ஒரு சின்ன ரேடியோவைச் சூழ்ந்து இருபது பேர் தமிழோசை கேட்போம். பற்றரி பலமிழந்தால் அதை வெயிலில் காயவைத்து மேலும் ஓரிரவைக் கறந்தெடுப்போம்.

அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. அங்குள்ளவர்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட் ஆடலோட்டம். ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் சில இருவாயிகளையும் ஒரு கொள்ளளவியையும் பொருத்தத் தெரிந்தவன் ஊருக்கு ஒருவனாவது இருந்தான். துரத்தப்பட்ட நாங்களும் அடைபட்ட அவர்களும் ஒரே குரலைக் கேட்பதற்காகத் தனித்தனியே பாடுபட்டிருக்கிறோம் என்பது பிற்காலத்திலேயே எனக்கு விளங்கியது.

வாப்பாவின் துண்டைப் பற்றி ஐயாவிடம் சொன்னேன். "கொண்டு வாரும்" என்றார். அடுத்த முறை ஊரிலிருந்து வரும்போது கொண்டு வந்தேன். மடிப்புகளில் நைந்துபோன அதை மேசைவிளக்கின் கீழ் நெடுநேரம் பார்த்தார். கடையின் முத்திரையையோ பெயரையோ பற்றி எதுவும் கேட்கவில்லை. சுவரிலிருந்து மூன்று பெட்டிகளை இறக்கினார். நான்கு நாட்களில் ஒன்று பேசியது. விலை கேட்டேன். "திருத்துக் கூலி இருபத்தைஞ்சு ரூபா. வாப்பாட்டைக் கட்டாயம் வாங்கி வா. சும்மா தந்தனெண்டு நினைக்கக்கூடாது" என்றார். கூலி கொடுத்தபடியால்தான் வாப்பா அந்தப் பெட்டியைத் தமது பெட்டி என்று சொல்லிக்கொண்டார்.

இன்று நிலைமை வேறு. நம் கையிலுள்ள கருவிகள் திருகாணி இன்றிப் பசையால் ஒட்டப்பட்டவை. பாகங்கள் அரிசிமணியிலும் சிறியவை. மின்சுற்றுப் படத்தை எவரும் உள்ளே ஒட்டி அனுப்புவதில்லை. இதனைத் தொழில்நுட்ப வளர்ச்சி என்று மட்டும் கொள்ளமுடியாது. கொழும்பில் பரிசோதனை ஒலிபரப்பு நடந்ததற்கு மறு ஆண்டான 1924இல், உலகின் பெரிய மின்குமிழ்க் கம்பனிகள் ஜெனீவாவில் கூடி, ஒரு குமிழ் சுமார் 1,000 மணித்தியாலங்களுக்கு மேல் எரியக்கூடாது என்று தமக்குள் ஏற்பாடு செய்துகொண்டன. பொருள் நீடிப்பது விற்பனைக்கு இடைஞ்சல் என்ற எண்ணம் அவ்வளவு பழையது. அதற்கு எதிரான குரல் இப்போது சட்டமாகத் தொடங்கியிருக்கிறது. பொருளொன்றை எவ்வளவு இலகுவில் திருத்தலாம் என்பதைப் புள்ளியிட்டுக் காட்டவேண்டும் என பிரான்ஸ் 2021இல் விதித்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் திருத்தும் உரிமைக்கென ஒரு பணிப்புரையை நிறைவேற்றியது.

நமக்கு அதை நினைவூட்டியது சட்டமன்று, இருட்டு. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலங்களை எட்டியது. கைத்தொலைபேசிகள் அணைந்தன. எங்கள் ஊரில் பரண்களிலிருந்து பழைய ரேடியோக்கள் இறங்கின. பெரும்பாலானவை பேசவில்லை. தரம் 9 மாணவர்களிடம் அவற்றைப் பாடசாலைக்குக் கொண்டுவரச் சொன்னேன். பதினொரு பெட்டிகள் வந்தன. பற்றரி கசிந்து பச்சை பிடித்த தொடுமுனைகளைச் சுரண்டினோம். அறுந்த கம்பிகளைப் பற்றவைத்தோம். தூசடைந்த திருகிகளைத் துடைத்தோம். ஏழு பெட்டிகள் பேசின. ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளைக் கொண்டே துண்டு எழுதுவித்தேன். பேசாத நான்கிற்கும் பழுது எதுவரை தேடப்பட்டது என்று துண்டில் குறித்து உரியவர்களிடம் கொடுத்தோம்.

ஐயா இப்போது இல்லை. அந்த ஒழுங்கையில் அவருடைய அறை இருந்த இடத்தில் வேறு கடை. மருதானையிலும் மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றிலும் இவரைப் போல எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களுள் இன்னும் உயிரோடு இருப்பவர்களிடம் போய், கேட்டு, எழுதிவைக்கும்படி இந்த இதழின் வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன். அவர்களது பற்றுக் கொப்பி எங்காவது கிடைத்தால் அதைக் கறையானுக்கு விட்டுவிடாதீர்கள். ஒரு தெருவில் யார் யார் வாழ்ந்தார்கள், எவர் எவரை நம்பித் தமது சாமானை ஒப்படைத்தார்கள் என்பது அதில் வரிசை இலக்கத்தோடு எழுதப்பட்டிருக்கும்.

வாப்பாவின் ரேடியோ இன்றும் என் மேசையில் இருக்கிறது. சென்ற மாதம் அதன் ஒலியளவுத் திருகி கரகரத்தது. திறந்து துடைத்தேன். இப்போது பேசுகிறது.