ஓலை உறுதியும் பதிவேடும்

ஒல்லாந்தரின் ஆட்சிக்காலத்தில் மன்னார் யாழ்ப்பாண நிருவாகத்தோடு சேர்ந்திருந்தது. அக்காலத்தில் ஒருவர் தம் பனங்காணியை விற்க எண்ணினால், ஊரறியாமல் விற்றுவிட முடியாது. 1707ஆம் ஆண்டில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமை இதனை விளக்குகின்றது. உரித்தாளர், பங்காளர், அயற்காணிக்காரர், ஈடு பிடித்தவர் ஆகியோருக்கு முதலில் அறிவிப்பதே பழைய வழக்கம். பின்னர் ஒல்லாந்தர், அவ்வறிவித்தலைக் கோவிலில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிப்படுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டனர். மறுப்புடையோர் அதற்குள் வாய் திறத்தல் வேண்டும்.

இன்றும் பழைய உறுதிகளிற் காணப்படும் 'தோம்பு' என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. காணிகளையும் குடிகளையும் எழுதிவைத்த ஏடு அது. குடிகளின் உரிமையைக் காப்பதற்காக அது பிறந்ததன்று; வரி தண்டுவதற்கும் ஊழியம் வாங்குவதற்குமே பிறந்தது. ஆயினும் அரசு தன் நலத்துக்காக எழுதியதைக் குடிகள் தம் நலத்துக்குச் சான்றாக்கிக் கொண்டனர்!

1795இல் ஆங்கிலேயர் மன்னாரைக் கைப்பற்றினர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதிக் கையொப்பமிடப்பட வேண்டுமென்றது. ஊராரின் செவி இருந்த இடத்தில் நொத்தாரிசின் பேனா வந்தமர்ந்தது. பதிவுச் சட்டங்கள் பின்னர் வந்தன. அவற்றுள் 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டமே முதன்மையானது.

நேயர்களே, இங்கேதான் பலர் மயங்குகின்றனர். மூல உறுதி வாங்கியவரிடம் செல்கின்றது. ஒரு பிரதி நொத்தாரிசிடம் தங்குகின்றது. மற்றொரு பிரதியை அவர் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்புதல் வேண்டும். பிரதி போய்விட்டதனால் உறுதி பதியப்பட்டதாகாது. மூல உறுதியைப் பதிவகத்திற் கொடுத்து, அக்காணிக்குரிய ஏட்டுப் பக்கத்தில் எழுதுவித்தலே பதிவு. அதனைச் செய்யாது உறுதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் யாது நேரும்? விற்றவர் அதே வயலை மறுமாதம் வேறொருவருக்கு விற்கலாம். அவர் பணங்கொடுத்து வாங்கி முந்திப் பதிந்துகொண்டால், வஞ்சகமோ கள்ளக்கூட்டோ இல்லாதவிடத்து அவருக்கே சட்டம் முன்னுரிமை அளிக்கின்றது.

பதிந்தவருக்கும் முழு அமைதியில்லை. உரிமையாளரை ஏற்காமல் ஒருவர் பத்து ஆண்டுகள் இடையறாது காணியை ஆண்டால், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி அவர் உரித்துக் கோரலாம். அமைதிக்காலத்தில் இது நியாயமான விதியே. ஆனால் 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியே கற்பிட்டிக்குச் சென்றனர். போரினால் தலைமன்னார்க் கரையிலிருந்து இந்தியாவுக்குப் படகேறிய தமிழரும் பலர். ஊரில் இல்லாதவர் அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் எவ்வாறு வழக்குத் தொடுப்பார்?

இதற்கெனவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயுதக் குழுக்களின் செயல்களால் 1983 மே 1ஆம் திகதி முதல் 2009 மே 18ஆம் திகதி வரை தம் உரிமையை நாடி நீதிமன்றஞ் செல்ல இயலாதிருந்தோருக்கு எதிராக அக்காலம் கணக்கில் எடுக்கப்படலாகாது என்பது அதன் கருத்து. போர் முடிந்து ஏழாண்டுகள் சென்ற பின்னரே அது வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உறுதியை இழந்து திரும்பியவர் நாடவேண்டிய இடம் பதிவகம். நொத்தாரிசின் பெயர், உறுதியின் இலக்கம், திகதி ஆகியவை தெரிந்தால் பிரதியைத் தேடுவது எளிது. தெரியாவிடின், காணியின் பெயரையும் நாலெல்லையையும் கொண்டே ஏடுகளைப் புரட்டவேண்டும். அந்த எல்லைகளைச் சரியாகச் சொல்ல வல்லவர் பெரும்பாலும் அயற்காணிக்காரரே.