நீட்டித்த கறவைக் காலம்

நீட்டித்த கறவைக் காலம் என்பது, கன்று ஈன்ற பசுவை வழமையான 10 மாதங்களுக்கு மேலும் தொடர்ந்து கறக்கும் பண்ணை மேலாண்மை முறை ஆகும். இம்முறையில் பசுவை மீண்டும் சினைப்படுத்துவது வேண்டுமென்றே தள்ளிப்போடப்படுகிறது. ஆசுத்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் நியூசிலாந்திலும் இது குறித்து விரிவான ஆய்வுகள் நடைபெற்றுள்ளன.

வழமையான முறை

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள் ஆகும். ஆண்டுக்கு ஒரு கன்று பெற வேண்டுமாயின், ஈன்ற சுமார் 85 நாட்களுக்குள் பசு மீண்டும் சினையாக வேண்டும். பொதுவாக 305 நாட்கள் கறந்தபின், அடுத்த ஈற்றுக்கு முன் ஏறத்தாழ 60 நாட்கள் கறவை நிறுத்தப்படுகிறது.

மேய்ச்சலை நம்பிய நியூசிலாந்துப் பண்ணைகளில், வசந்தகாலப் புல் வளர்ச்சிக்கு ஏற்பப் பெரும்பாலான பசுக்கள் ஒரே பருவத்தில் கன்று ஈனுகின்றன. குறித்த வாரங்களுக்குள் சினையாகாத பசு, நன்கு கறந்தாலும், மந்தையிலிருந்து கழிக்கப்படுவதுண்டு. அத்தகைய பசுக்களைத் தக்கவைத்துக்கொள்ள நீட்டித்த கறவை ஒரு வழியாக அமைகிறது.

கருவுறுதல்

ஈன்ற 4 முதல் 8 வாரங்களில் பால் சுரப்பு உச்சத்தை அடைகிறது. அப்போது உண்ணும் தீவனத்தின் ஆற்றல் பாலுக்குச் செலவாகும் ஆற்றலுக்கு ஈடாவதில்லை. எனவே உடற்கொழுப்பு கரைந்து பசு மெலிகிறது. இரத்தத்தில் இன்சுலின் குறைகிறது. சூலகத்தைத் தூண்டும் இயக்குநீரின் சுரப்பும் தளர்கிறது. இதனால் அதிகம் கறக்கும் பசுக்களில் சினைப்பருவ அறிகுறிகள் மங்கலாகவும் குறுகிய நேரமே நீடிப்பவையாகவும் இருக்கக்கூடும். சில மாதங்கள் காத்திருந்தால் ஆற்றல் சமநிலை மீள்கிறது. எனினும் கருப்பைக் கோளாறு போன்ற பிற காரணங்களால் சினையாகாத பசுவுக்குக் காத்திருப்பு மட்டும் தீர்வாகாது.

பால் உற்பத்தி

உச்சத்துக்குப் பின் பால் அளவு படிப்படியாகக் குறைகிறது. சினையின் 5ஆம் மாதம் முதல் இக்குறைவு விரைவுபடுகிறது. சினையைத் தள்ளிப்போடுவது இந்த இறக்கத்தையும் தள்ளிப்போடுகிறது.

விக்டோரியாவின் எலின்பாங்கு ஆய்வு நிலையத்தில் ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் பசுக்கள் 10 முதல் 22 மாதங்கள் வரை வெவ்வேறு கால அளவுகளுக்குக் கறக்கப்பட்டன. கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஆண்டுச் சராசரி விளைச்சல் 16 மாதங்கள் வரை பெரிதும் மாறவில்லை. அதற்கு மேல் குறைந்தது. இம்முடிவுகள் 2007இல் வெளியாயின. நியூசிலாந்து ஆய்வில், வட அமெரிக்க வழிவந்த பசுக்கள் கூடுதலாகக் கறந்தன. உள்நாட்டு வழிவந்தவை தீவனத்தை உடற்கொழுப்பாகச் சேர்க்க முற்பட்டன.

நன்மைகள்

* ஈற்றுகளின் எண்ணிக்கை குறைவதால் பால் காய்ச்சல், நஞ்சுக்கொடி தங்குதல் போன்ற ஈற்றுக்கால இடர்கள் குறைகின்றன.
* பண்ணைக்குத் தேவையற்ற ஆண் கன்றுகள் குறைவாகப் பிறக்கின்றன.
* கறவை நிறுத்தப்படும் நாட்களின் விகிதம் குறைகிறது.

குறைகள்

* மந்தையைப் புதுப்பிக்கக் கிடைக்கும் கிடேரிகள் குறைகின்றன.
* பால் விரைவில் வற்றும் பசுக்களுக்கு இம்முறை பொருந்தாது.
* இறுதி மாதங்களில் பசு மிகையாகக் கொழுத்தால், அடுத்த ஈற்றுக்குப்பின் கீட்டோசிசு நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது.