பினாங்கில் தோரா வழிச் சமூக வாழ்வு: ஒரு வரலாற்று நோக்கு

யூதர்களின் மறைநூலான தோரா விதிக்கும் தூய்மை துறவியின் தனித்தூய்மை அன்று. அதன் லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரம் பரிசுத்தத்தைச் சபை முழுவதற்குமான கடமையாக வைக்கிறது. முதியோரை மதிப்பது, கூலியை அன்றன்றே கொடுப்பது, கள்ள எடை வைக்காதிருப்பது ஆகியவையும் அதில் அடங்கும். யூத மரபு எண்ணிவைத்த 613 கட்டளைகளில் சிலவற்றை ஒருவர் தம் வீட்டுக்குள்ளேயே கடைப்பிடிக்கலாம். சிலவற்றுக்கு ஊர் வேண்டும். பொதுத் தொழுகைக்கும் தோராச் சுருளைச் சபையில் வாசிப்பதற்கும் பருவமெய்திய ஆண்கள் பத்துப் பேராவது கூடவேண்டும். இந்தக் குழுவுக்கு மின்யான் என்று பெயர். எண்ணாகமத்தில் கானானை உளவுபார்த்துத் தவறான செய்தி கொண்டுவந்த பத்துப் பேரை 'சபை' என்று குறித்திருப்பதே இந்த எண்ணிக்கைக்கு ஆதாரமாக யூதச் சட்டத் தொகுப்பான தல்மூது காட்டும் இடம். பினாங்கு யூதர்களின் வரலாறு பெரும்பாலும் இந்தப் பத்துப் பேரைத் திரட்டுவதும் இழப்பதுமாகவே அமைந்தது.

1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் நிறுவிய ஜார்ஜ் டவுன், சுங்கத் தீர்வை இல்லாத துறைமுகமாக வளர்ந்தது. சூரத், பம்பாய், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என நீண்ட வணிகச் சங்கிலியில் பாக்தாத் யூதர்களுக்கு அதுவும் ஒரு கண்ணியானது. இவர்களின் சமய வாழ்வு பாக்தாத்தையே நோக்கியிருந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் எழுந்த சமயச் சட்ட ஐயங்களுக்குப் பாக்தாத்தில் இருந்த யோசேப் ஹயீம் (1835–1909) போன்ற அறிஞர்களின் விடைகள் கடல் கடந்து வந்தன.

பினாங்கில் இவர்கள் முதலில் அமைத்தது இடுகாடு. சுங்கை பினாங் ஆற்றுக்கு வடக்கே, பர்மா சாலையையும் மெக்கலிஸ்டர் சாலையையும் இணைக்கும் தெருவில் உள்ள இந்த இடுகாடு 1805இல் ஏற்பட்டதாகக் கூறப்படுகிறது. ஆனால் அங்குள்ள கல்லறைகளில் மிகப் பழையது 1835ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்தத் தெரு நெடுங்காலம் யஹூதி சாலை என்றே வழங்கியது. இன்று அது ஜாலான் சைனல் ஆபிதீன். இடுகாடு முந்தியதில் வியப்பில்லை. தொழுகையை எவர் வீட்டுக் கூடத்திலும் நடத்தலாம், பிணத்தை அப்படி வைத்திருக்க முடியாது. இறந்தவரைத் தாமதமின்றி மண்ணில் அடக்குவது கட்டளை. எரிப்பதை மரபு ஏற்பதில்லை.

சுமார் 38,000 சதுர அடி நிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. பல, மூடி முக்கோணமாகக் கூம்பிய பேழை வடிவில் அமைந்தவை. கோஹன் எனப்படும் ஆசாரியக் குடியினரின் கல்லறைகள் மட்டும் தனியே ஒதுங்கி நிற்கின்றன. ஆசாரியர் பிணத்தால் தீட்டுப்படலாகாது என்கிறது லேவியராகமம் 21. அவர்களைக் கூட்டத்தின் நடுவே புதைத்தால், அதே குடியில் பிறந்த உறவினர் அருகே வந்து நிற்க வழியிராது. 1941 அக்டோபர் 10இல் இறந்த பிரிட்டிஷ் இந்தியப் படை லெப்டினன்ட் விக்டர் கோஹன் அங்குதான் அடக்கம் செய்யப்பட்டார்.

உயிரோடிருந்தவர்களின் கணக்கில்தான் சிக்கல். 1899இல் பினாங்கில் 172 யூதர் இருந்ததாகப் பதிவு உண்டு. 1895இல் பாக்தாத்திலிருந்து வந்த எசெக்கியேல் மனாசேயோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கு சமய விதிகளைக் கடைப்பிடித்த ஒரே யூதராக இருந்தார் என்கிறது இன்னொரு செய்தி. இரண்டும் ஒரே ஊரைப் பற்றியவைதாமா என்று கேட்கத் தோன்றும். குடிக்கணக்கு பிறப்பை எண்ணியது, மனாசே பற்றிய செய்தி ஒழுக்கத்தை எண்ணியது என்று கொண்டால் முரண் பெருமளவு தீர்கிறது. உணவு விதியை ஒருவர் தனியாகவும் காக்கலாம்: பன்றியையும் செதிலற்ற மீனையும் விலக்கலாம், இறைச்சியையும் பாலையும் கலக்காமல் உண்ணலாம். ஆனால் விதிப்படி அறுக்கப் பயின்றவர் இல்லாத ஊரில் இறைச்சியே அரிது. பத்துப் பேர் கூடாத ஊரில் சபைத் தொழுகையும் இல்லை.

முதல் உலகப் போருக்குப் பின் மேலும் சில குடும்பங்கள் குடியேறின. 1929இல் நாகூர் சாலை 28ஆம் எண் வீட்டில் ஜெப ஆலயம் திறக்கப்பட்டது. தமிழ் முஸ்லிம்களின் நாகூரைப் பெயரில் தாங்கிய தெருவில் எபிரேயத் தொழுகை ஒலித்தது பினாங்குக்கே உரிய சங்கதி. இடுகாட்டுக்கும் ஆலயத்துக்கும் இடையே குறைந்தது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளி.

அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டுவீசித் தீவைக் கைப்பற்றியபோது, எஞ்சியிருந்த யூதர் பெரும்பாலும் சிங்கப்பூருக்கு வெளியேறினர். சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமானபின், அங்கும் 1943இல் யூதர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். போருக்குப் பின் திரும்பியவர் சிலரே. இளையோர் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பிரிந்து போயினர். மின்யான் கூட்ட ஆளில்லாமல் 1976இல் ஆலயம் மூடப்பட்டது; கட்டடம் பின்னர் வணிகப் பயன்பாட்டுக்குப் போயிற்று.

பினாங்கில் தோரா வழிச் சமூக வாழ்வை அழித்தது தடையோ துன்புறுத்தலோ மட்டுமன்று. ஆட்குறைவே முதன்மைக் காரணம். பத்துப் பேர் தேவைப்பட்ட கடமைகள் முதலில் நின்றன. அடக்கம் என்ற கடமை அவற்றைத் தாண்டி நின்றது: ஆலயம் மூடி 35 ஆண்டுகளுக்குப் பின், 2011இல், ஜாலான் சைனல் ஆபிதீன் இடுகாட்டில் மேலும் ஒருவர் அடக்கம் செய்யப்பட்டார்.